இரண்டு பேர் மூச்சு

வடமுனை நீர் நிலையம், செவ்வாய். நிலையப் பதிவேடு.

நாள் 408. காலை 8.10

வெளி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 71 டிகிரி. நேற்று வெட்டி உருக்கிய பனி 340 லிட்டர். ஆக்சிஜன் இயந்திரம் சீராக ஓடுகிறது. கோடைக்காலம் ஆதலால் சூரியன் மறைவதில்லை. அடிவானத்தை ஒட்டிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இன்று முதல் இந்தப் பதிவேட்டை நான் எழுதுகிறேன். பெயர் மாதங்கி, வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு. இங்கே மூன்று பேர் இருக்கிறோம். என் அம்மா செண்பகவல்லி, நிலையப் பொறுப்பாளர். அம்மாவின் அண்ணன் அழகர்சாமி மாமா, இயந்திரங்களுக்கும் குழாய்களுக்கும் சமையலுக்கும் பொறுப்பு. மூன்றாவது நான். அப்பா பூமியில் வேலை செய்கிறார். பனியை உருக்கி, தொள்ளாயிரம் கிலோமீட்டர் தெற்கே உள்ள செம்மணல் நகருக்கு அனுப்புவது எங்கள் வேலை. செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்போது மட்டும், காலை 6.40க்கும் பகல் 2.10க்கும் இருபது நிமிடம் நகரத்துடன் பேசலாம்.

ஒரு வருடத்துக்கு மேலாகப் பதிவேடு மாமாவிடம் இருந்தது. பெரும்பாலான பக்கங்களில் ‘வழக்கம் போல்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதனால் அம்மா அவரைத் திட்டிவிட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்குப் பள்ளி விடுமுறை.

காலை 7.50க்குப் பனிக்குழியிலிருந்து மாமாவின் ரேடியோ. பயிற்சிக்காக அப்படியே எழுதுகிறேன்.

“மருமகளே, இன்னைக்கு எம்புட்டு எழுதப் போற?”

“ஒன்றரைப் பக்கம் மாமா.”

“ஆத்தாடி! ஒரு வருசமா நான் எழுதுனத எல்லாம் சேத்தாலும் அம்புட்டு வராதே. படிக்கிறவன் பாவம்டி.”

“வேலையப் பாருண்ணே.” இது அம்மா.

நாள் 409. பகல் 12.40

இதை எப்படி எழுதுவது என்று பழைய பக்கங்களில் தேடிப் பார்த்தேன். இதற்கு முன் இந்த நிலையத்தில் யாரும் இறக்கவில்லை. மாதிரி எதுவும் இல்லை.

அழகர்சாமி மாமா இன்று காலை 9.20க்கு இறந்தார். வயது 46. குழியிலிருந்து திரும்பி வந்தார், விண்வெளி உடையைக் கழற்றி மாட்டினார், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். நான் எடுக்கப் போனேன். சமையலறை பதினைந்து அடி தூரம். திரும்பி வந்தபோது டம்ளரை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அம்மா கத்தவில்லை. அவர் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று தூங்குகிறவரை எழுப்புவது போல மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அவருடைய பல்துலக்கியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரமாக இருந்தது. என்னை மிகவும் பயமுறுத்தியது அதுதான். ஏன் என்று தெரியவில்லை.

நாள் 411. மாலை 5.00

இன்று மாமாவைப் பனியில் புதைத்தோம். இரண்டு நாள் தாமதம். காரணம், நகரத்தில் இருக்கும் அத்தை, மாமாவின் மனைவி. 409 பகல் 2.10க்கு அவர் சொன்னது:

“செண்பகம், அவுக மூஞ்சிய ஒரு தடவ காட்டிட்டு எடுங்க. நான் பாக்காம மூடிராதீக. ஒன்னயக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

அதன் பிறகு மூன்று முறை செயற்கைக்கோள் வந்தது. மூன்று முறையும் புழுதியால் படம் போகவில்லை. இன்றுதான் போனது. அத்தை பார்த்தார். உடனே எடுத்தோம். அதுவரை அவரை வெளிக் கிடங்கில் படுக்க வைத்திருந்தோம். இந்த இரண்டு நாளும் பிஸ்கட்டும் குளிர்ந்த தண்ணீரும்தான் எங்கள் சாப்பாடு.

மற்றவை எல்லாம் சீர்.

நாள் 412. காலை 7.05

காலை 6.20க்கு எச்சரிக்கை மணி அடித்தது. ஆக்சிஜன் இயந்திரம் நின்றுவிட்டது. வெளியிலிருந்து அதற்குள் தண்ணீர் கசிந்து, தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கும் மின் தட்டுகள் வெடித்திருக்கின்றன. காரணம் தெரியவில்லை.

6.40க்கு நகரத்துக்குச் சொல்லிவிட்டோம். கட்டுப்பாட்டறையில் ஜெபராணி அக்கா. மாற்று இயந்திரத்துடன் வண்டி இன்று மதியம் புறப்படும். வந்து சேர மூன்றேகால் நாள் ஆகும்.

நாள் 412. பகல் 1.15

மேலே ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதியது பொய். இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் மன்னிக்க வேண்டும். நடந்தது இதுதான்.

சாவு விழுந்த வீட்டில், உடலை எடுக்கும் வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று பூமியின் வழக்கங்கள் பற்றிய ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். எனக்கு நான்கு வயதாக இருந்தபோதே செவ்வாய்க்கு வந்துவிட்டோம். நான் ஒரு சாவையும் பார்த்ததில்லை. மாமாவுக்கு எல்லாவற்றையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். 409 பகலில் சமையலறையின் எல்லா சுவிட்சுகளையும் அணைத்தேன். நேற்று அவரைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் மறுபடி போட்டேன்.

மாமா அந்த அடுப்பை ஒருபோதும் அணைத்ததில்லை. ஒரு பெரிய பானையில் தண்ணீர் எப்போதும் சுட்டுக்கொண்டே இருக்கும். அவருக்குக் காப்பி ஆசை அதிகம் என்று நினைத்திருந்தேன். இன்று காலை சமையலறைச் சுவரின் தகட்டைக் கழற்றினேன். அதன் பின்னால்தான் ஆக்சிஜன் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அது உறையாமல் காக்கும் சூட்டுக் கம்பி என்றைக்கோ எரிந்து கருகியிருக்கிறது. மாமா தன் பழைய கம்பளிச் சட்டையைக் குழாயில் சுற்றி, அடுப்பின் சூட்டிலேயே இவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறார். பதிவேட்டில் எழுதவில்லை. ‘வழக்கம் போல்’.

இரண்டு நாள் அடுப்பில்லாமல் குழாய் உறைந்து பிளந்தது. இயந்திரம் அதுவரை தன் தொட்டியில் இருந்த தண்ணீரில் ஓடியிருக்கிறது. நேற்றுச் சூடு திரும்பியதும் பனி உருகி இயந்திரத்துக்குள் இறங்கியது.

அம்மா வெளியே, இயந்திர அறையின் புறச்சுவரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உடை ரேடியோவில் முதலில் குழாயைப் பற்றிச் சொன்னேன். பிறகு இது.

“அம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு. கை வேலையா இருக்கேன்.”

“அடுப்ப நான்தான் அணைச்சேன். மாமா செத்த அன்னைக்கு.”



“தெரியும்டி.”

“தெரியுமா?”

“பானை குளுந்து கெடந்துச்சே, தெரியாதா? எங்கண்ணன் அங்கிட்டு வெறச்சுப் போய்க் கெடக்கான், நான் உலை வைப்பேனா? நீ அணைக்காட்டி நானே அணைச்சிருப்பேன். இந்தக் குழாய் விசயத்த எங்கிட்டயாச்சும் சொன்னானா அவன். ரிப்பேர்னு எழுதுனா வைவாங்கன்னு பயந்துருப்பான்.”

“இப்ப என்னம்மா ஆகும்?”

“இதச் சரி பண்ண முடியாது. நான் உள்ள வாரேன். அழுகாத. அழுதா மூச்சு கூடச் செலவாகும்.”

நாள் 412. மாலை 5.00

கலன்களில் உள்ள ஆக்சிஜனை எங்கள் மீட்டர் ஆள்-மணியில் காட்டும். ஓர் ஆள் விழித்திருந்து ஒரு மணி நேரம் மூச்சு விட்டால் ஓர் ஆள்-மணி. உடைகளின் கலன்களையும் இதில் இறக்கிவிட்டோம். இப்போது மீட்டர் 122. வண்டி வர 73 மணி நேரம். இரண்டு பேருக்கு 146 வேண்டும்.

நகர மருத்துவமனை சொன்ன வழியை ஜெபராணி அக்கா 2.10க்குப் படித்தார்.

“ஏட்டி மாதங்கி, எழுதிக்கோ. தூங்குதவங்களுக்கு மூச்சு கம்மியா போதும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஆள் மாத்திரை போட்டுத் தூங்கணும், ஒரு ஆள் முழிச்சிருக்கணும். ரெண்டு பேரும் ஒண்ணாத் தூங்கிரப்பிடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா காத்து வடிகட்டிய மாத்தணும்லா. மாத்திரை ஒண்ணுதான். ஒண்ணுக்கு மேல கூடாது.”

“கணக்குப் பாத்தேன் அக்கா. அப்படியும் ரெண்டு ஆள்-மணி குறையுது.”

“அதுக்குள்ள கணக்கு பாத்துட்டியா? கடைசியில ரெண்டு மணி கொறைஞ்சா அறைக்குள்ள இருக்க காத்து தாங்கும்ட்டி. வண்டியில யாரு வாராவ தெரியுமா? எங்க வீட்டுக்காரரு. அவரு ஓட்டுனா வண்டி வண்டியா இருக்காது, சீக்கிரம் வந்துருவாரு.”

சிரித்தேன். சிரிப்பும் செலவுதான் என்று உடனே நினைவு வந்தது.

ஓர் அறையைத் தவிர மற்ற எல்லா அறைகளையும் மூடிவிட்டோம். பகல் 12 முதல் 6 வரையும், பின்னர் நடுச்சாமம் முதல் காலை 6 வரையும் என் காவல். மற்ற நேரம் அம்மாவின் காவல்.

நாள் 413. பகல் 3.20

மீட்டர் 85. கணக்குப்படி சரி. அம்மா தூங்குகிறாள்.

அரை மணிக்கு ஒரு முறை அவள் மூக்கின் அருகே சிறிய கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கிறேன். ஆவி படிகிறது. மறைகிறது. படிகிறது. மறைவதற்கும் படிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நானும் மூச்சு விடுவதில்லை.

நான் நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். அவற்றில் போரில் இறந்தார்கள், கடலில் இறந்தார்கள், காய்ச்சலில் இறந்தார்கள். சில இடங்களில் அழுதிருக்கிறேன். ஆனால் புத்தகத்தில் யார் இறந்தாலும், படிக்கிறவள் இறப்பதில்லை. அவள் பக்கத்தைத் திருப்புவாள். நான் இதுவரை எல்லாச் சாவையும் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். மாமா தண்ணீர் கேட்டபோதுகூட, நான் பார்த்துக்கொண்டிருப்பவள் என்றுதான் நினைத்தேன். இன்று மீட்டர் எண் 86இலிருந்து 85க்கு மாறியதைப் பார்த்தேன். அந்த ஒன்றில் என் பங்கும் இருந்தது. இது என்னைப் பற்றிய எண் என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

மூச்சு யாருடையது என்று இதற்கு முன் யோசித்ததே இல்லை. இப்போது நான் இழுக்கும் ஒவ்வொன்றும் அம்மாவுக்கு இல்லாத ஒன்று. அவள் இழுப்பது எனக்கு இல்லாதது. இது தெரிந்த பிறகும் நெஞ்சு கேட்காமல் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. எவ்வளவு வெட்கமில்லாத நெஞ்சு.

நாள் 414. பகல் 1.40

மீட்டர் 47. காவல் மாறும்போது ஐந்து நிமிடம்தான் நாங்கள் இருவரும் விழித்திருக்கிறோம். பேசினால் செலவு. அம்மா என் தலையைத் தடவுகிறாள், பிஸ்கட்டைப் பாலில் நனைத்துக் கொடுக்கிறாள், மாத்திரை போட்டுக்கொள்கிறாள்.

இன்று அதிகாலைக் காவலில் ஒரு காரியம் செய்தேன். மூச்சை அடக்கி அடக்கி விட்டால் அந்த இரண்டு ஆள்-மணியை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தேன். நாற்பதாவது முறை கண் இருட்டி விழுந்துவிட்டேன். மேசை விளிம்பு நெற்றியில் பட்டது. அம்மா எழுந்ததும் காயத்தைப் பார்த்துக் கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். இந்தப் பதிவேட்டையும் படித்திருக்கிறாள். என் எழுத்துக்குக் கீழே அவள் எழுதியது இது:

‘மூச்சை அடக்கி மிச்சம் பிடிக்க வேண்டாம், கழுதை. நெஞ்சு வெட்கமில்லாமல்தான் இருக்க வேண்டும். உன்னைப் பெற்றது அதற்குத்தான். — நிலையப் பொறுப்பாளர்.’

இதைப் பல முறை படித்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு எவ்வளவோ பிடிக்கும் என்று இப்போது தெரிகிறது. பாலில் நனைந்த பிஸ்கட் பிடிக்கும். பின்னங்கள் பிடிக்கும். ஜெபராணி அக்கா ‘ஏட்டி’ என்று கூப்பிடுவது பிடிக்கும். அடிவானத்தில் சூரியன் சுற்றுவதை நான் ஒரு முறைகூட முழுச் சுற்றும் உட்கார்ந்து பார்த்ததில்லை. எப்போதும் இருக்கும் என்று விட்டுவிட்டேன். மாமாவும் அப்படித்தான் அந்தக் கம்பியை விட்டிருப்பார். நாளைக்கு மாற்றலாம், நாளை மறுநாள் மாற்றலாம் என்று.

தூங்கப் பயமாக இருக்கிறது. தூக்கத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று மாத்திரையை வாயில் போடும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். எழுப்ப ஒருவர் விழித்திருக்கிறார். அது மட்டும்தான் வித்தியாசம்.

நாள் 415. பகல் 12.04

விழித்துவிட்டேன். அம்மா எழுப்பவில்லை. அலாரம் எழுப்பியது. என் தலைமாட்டில் யாரோ வைத்த அலாரம். நான் வைக்கவில்லை.

மீட்டர் 12.5.

இது தவறு. காலை 6.00க்கு 18.3. ஆறு மணி நேரத்தில் ஒருவர் விழித்து ஒருவர் தூங்கினால் பத்து குறைய வேண்டும். எட்டு என்று காட்ட வேண்டும். ஆறுகூடக் குறையவில்லை. நான் தூங்கியதற்கே நாலேகால் போகும். மீதி ஒன்றரைதான் இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒன்றரை.

அம்மாவின் படுக்கை என் முதுகுக்குப் பின்னால். நான் இன்னும் திரும்பவில்லை.

ரேடியோவில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. காலை 6.40 உரையாடல் பதிவாகியிருக்கிறது. போட்டுக் கேட்டேன். கேட்டபடி எழுதுகிறேன்.

“அக்கா, பனி பெருசாப் பொளந்து கெடக்காம். வண்டி சுத்தித்தான் வரணும். மூணு மணி நேரம் கூடும். ராத்திரி ஒம்பது ஆயிரும்.”

“சரி.”

“அக்கா? கேட்டிச்சா?”

“கேட்டுச்சு ஜெபா. மாதங்கிகிட்டச் சொல்லாத.”

“ஏன்க்கா?”

“கணக்குப் போட்ருவா. எங்க வீட்டுலயே அவளுக்குத்தான் கணக்கு நல்லா வரும்... ஜெபா, அந்த மாத்திரை நாலஞ்சு சேத்துப் போட்டா மூச்சு எம்புட்டுக் கொறையும்?”

“எக்கா! என்னக்கா கேக்கிய? அப்பிடில்லாம் பண்ணிராதீக. எக்கா, பிள்ளைய எழுப்புங்க, நான் பேசுதேன். எக்கா...”

பிறகு இரைச்சல். செயற்கைக்கோள் மறைந்துவிட்டது.

கணக்குப் போட்டுவிட்டேன் அம்மா. ஒன்பது மணி நேரம். 12.5. எனக்கு மட்டும் என்றால் போதும், மிச்சமும் இருக்கும். நீ இதைத்தான் போட்டாய்.

எழுதிக்கொண்டிருக்கும் வரை திரும்ப வேண்டியதில்லை. திரும்பாத வரை எனக்குத் தெரியாது. இந்த வரியை நீட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றுகிறது. மாமா தண்ணீர் கேட்டார். நான் பதினைந்து அடி நடந்து போய்த் திரும்பி வந்து பார்த்தேன், அதே மாதிரி இப்போதும் திரும்பிப் பார்த்தால்

இல்லை. அப்போது அவருக்கு நேரம் இல்லாமல் போனது. இப்போது இருக்கலாம். நான் எழுதுவதில் அது போகிறது

12.11

ஆவி படிகிறது. மிக மெல்லிசாக. நிமிடத்துக்கு நான்கு மூச்சு. இரண்டு முறை எண்ணினேன். நான்குதான்.

உதடு நீலமாக இருக்கிறது. கன்னத்தில் அறைந்தேன். அம்மா என்று கத்தினேன். விழிக்கவில்லை. மாத்திரை அட்டையில் ஐந்து காலி.

12.19

மருத்துவப் பெட்டியில் கையால் அமுக்கும் மூச்சுப் பை இருந்தது. முகமூடியை அவள் வாயிலும் மூக்கிலும் இறுக்கிப் பிடித்து, ஆறு நொடிக்கு ஒரு முறை அமுக்க வேண்டும் என்று பையிலேயே படம் போட்டிருக்கிறது. பதினெட்டு முறை அமுக்கினேன். நெஞ்சு உயர்கிறது. உதட்டில் நிறம் திரும்புகிறது. இதை எழுதக் கையை எடுத்தேன், மறுபடி நான்கு.

இப்போது இரண்டு பேர் மூச்சு. ஒன்பது மணி நேரத்துக்குக் குறைந்தது 15 வேண்டும். 12.5 இருக்கிறது. கலன் தீர்ந்த பிறகு அறைக்குள் இருக்கும் காற்று இரண்டு ஆள்-மணிக்குத் தாங்கும் என்றார் ஜெபராணி அக்கா; அதற்கு மேல் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டில் இல்லை. தாங்காவிட்டால் இரண்டு பேரும். கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன். அம்மா இதைப் படித்தால் கழுதை என்று எழுதட்டும்.

வடிகட்டியை மாற்றிவிட்டேன். அடுத்து ஆறு மணிக்கு மாற்ற ஒரு நிமிடம் கையை எடுக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை நினைத்து இப்போதே பயமாக இருக்கிறது.

ரேடியோவைத் திறந்து வைத்திருக்கிறேன். 2.10க்கு ஜெபராணி அக்கா கூப்பிட்டால் இங்கிருந்தே கத்துவேன்.

கை இரண்டும் வேண்டும். இனி எழுத முடியாது.

வண்டியில் வருகிறவர்களுக்கு: வெளிக்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். தட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்னால் எழுந்து வந்து திறக்க முடியாது. நேராக உள்ளே வந்துவிடுங்கள். விளக்கு அணைந்திருந்தால் வலப்பக்கம் மூன்றாவது கதவு. நான் எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டாலும் வாருங்கள். முதலில் அம்மாவை